இரண்டு வெளிச்சத்துக்கு நடுவில்

முதல் படத்தில் பாஞ்சாலியின் கண்கள் மூடியிருந்தன.

மக்பூல் கேமராத் திரையிலிருந்து தலையைத் தூக்கி நாற்காலியைப் பார்த்தான். குளிப்பாட்டி, பட்டுப்புடவை சுற்றி, சாயாமலிருக்க மார்புக்குக் குறுக்கே துண்டு கட்டி உட்காரவைத்திருந்த அந்த அம்மாளின் கண்கள் பாதி திறந்துதான் இருந்தன. இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் கிடந்த உடம்பு. இமைகள் இறங்க மறுத்துவிட்டன. மகன் ஜெகன்தான், "வுடுங்க, நம்மளப் பாக்கற மாதிரியே கீது" என்று இமையை இழுத்தவர்களின் கையைத் தடுத்திருந்தான்.

"இன்னா பாய், சரியா வர்லியா?" என்றான் ஜெகன்.

"இன்னொண்ணு எடுத்துக்கறேன். எல்லாரும் இங்க பாருங்க."

சாலவாக்கத்தில் அந்த வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. மேகம் கவிந்து பிற்பகலே இருண்டுபோனதால், உத்திரமேரூர் ஸ்டூடியோவிலிருந்து கொண்டுவந்த இரண்டு ஃபிளாஷையும் பக்கத்துக்கொன்றாக ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தான். ஒயர் கிடையாது, கேமராவின் தலையில் உட்கார்ந்திருக்கும் டிரிக்கர் சொன்னால் இரண்டும் ஒருசேர வெட்டும். ஊதுவத்திப் புகையும், வாடத் தொடங்கிய சம்பங்கியும், ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டிச் சொட்டி மண்ணில் ஊறிய தண்ணீரின் வாடையும், தெருமுனையில் விட்டுவிட்டு அடித்த மேளமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அவன் நெற்றியில் அமுங்கின.

எடுத்தான். பார்த்தான்.

சுற்றி நின்ற பதினோரு பேரின் கண்களும் திறந்திருந்தன. நடுவில் அவள் மட்டும் மூடியிருந்தாள்.

ஃபிளாஷை ஆட்டோவில் வைத்தால் அது இரண்டு முறை வெட்டும். அளவு பார்க்க முதலில் ஒரு சின்ன வெளிச்சம். அதை ஒட்டியே படத்துக்கான பெரிய வெளிச்சம். பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் கண் கூசுகிற சிலர் சின்ன வெளிச்சத்துக்கே இமையை மூடிவிடுவார்கள், படத்தில் தூங்குமூஞ்சியாக விழுவார்கள். கல்யாண வீட்டில் அப்படி ஒருவர் வாய்த்தால் மக்பூல் ஆட்டோவை எடுத்துவிட்டு மேனுவலில் வைப்பான். ஒரே வெளிச்சம். கண் திறந்தபடி விழும்.

பழக்கத்தில் கை டிரிக்கரை மேனுவலுக்கு மாற்றியது. எடுத்தான்.

திறந்திருந்தன.

ஆட்டோ. மூடியிருந்தன. மேனுவல். திறந்திருந்தன.

கண் கூசுகிறவர்களுக்குத்தானே இந்த வைத்தியம்?

ஜெகனை ஓரமாகக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். "நீயே பாருபா. இது மூடிக்கினு கீது. இது தொறந்துக்கினு கீது. உங்கம்மா லைட்டுக்குக் கண்ணச் சிமிட்றாங்க."

"இன்னா பாய் சொல்ற? டாக்டர் எழுதிக் குடுத்து ரெண்டு நாளு ஆவுது."

"உசுரு இருந்தாதான்பா சிமிட்டும். தூக்கறதுக்கு முன்னால ஒரு தபா பாத்துடுங்க."

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் பின்னாலேயே பாஞ்சாலியின் புருஷன் ஏகாம்பரம் நின்றிருந்தார். அதைக் கேட்டவர் நேரே போய் நாற்காலிக்கு முன்னால் மண்டிபோட்டார்.

"பாஞ்சால... அடியே, பாய் சொல்றாரு பாரு. இன்னொரு தபா சிமிட்டுடி. எனக்குக் காட்டுடி."

மேளம் நின்றது. பாஞ்சாலியின் தம்பி வீராசாமி உள்ளேயிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து அக்காளின் மூக்கடியில் பிடித்தார். கண்ணாடி மங்கவில்லை. ஜெகன் தாயின் மணிக்கட்டை நெடுநேரம் பிடித்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்தான்.

"கட்ட மாதிரி கீது பாய்."

வீராசாமி மக்பூல் பக்கம் திரும்பினார். "மிசின் ரிப்பேருன்னு சொல்லத் தெரியாம பொணத்துக்கு உசுரு குடுக்க வந்துட்டியா? அந்தாளப் பாருய்யா! எங்கக்காவ அவருக்கு இன்னொரு தபா சாவடிச்சிட்டியே!"

ஏகாம்பரம் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"தப்புதாங்க. மன்னிச்சிடுங்க," என்றான் மக்பூல். அந்த மண்ணுக்குள் இறங்கிவிடலாமென்று இருந்தது.

"சரி வுடு பாய்," என்றான் ஜெகன். "நான் கொள்ளி வெக்கறப்ப ஒண்ணு எடுத்துக் குடு. துபாய்ல கீற தங்கச்சி கீர்த்தி கேக்குது. அதோட நீ கெளம்பு."

ஏரிக்கரைச் சுடுகாட்டுக்கு ஒரே ஒரு ஃபிளாஷை, மறுபடி ஆட்டோவில் வைத்து, ஸ்டாண்டோடு எடுத்துப்போனான். மிஷின் கோளாறுதான், மிஷின் கோளாறுதான் என்று வழியெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டான். ஏரி ஈரக்காற்றில் சாணமும் வைக்கோலும் மணத்தன. வறட்டி அடுக்கி, உடம்பைக் கிடத்தி, வைக்கோல் போர்த்தி, மேலே சேற்றை வழித்துப் பூசி, நெருப்பு மூச்சுவிடத் தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாகக் கட்டைவிரலால் ஓட்டை போட்டார் சிதை அடுக்கியவர்.

"கொள்ளி வெச்சிட்டு அப்பிடியே நடங்க. யாரு கூப்ட்டாலும் திரும்பக் கூடாது. பெத்தவ கொரலு கேட்டாலும் சரி, திரும்பக் கூடாது."

ஜெகன் சிதைக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் நீட்டிக் கொள்ளி வைத்தான். மக்பூல் எடுத்தான். ஃபிளாஷ் வெட்டியது. அத்தனை பேரும் வரப்பில் இறங்கி நடந்தார்கள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சிதை அடுக்கியவரும் நடந்தார்.

படம் சரியாக வந்திருக்கிறதா என்று திரையைப் பார்த்தான். ஜெகனின் தோளுக்குப் பின்னால் தலைமாட்டு ஓட்டை. கறுப்பாக இருக்கவேண்டிய இடம் கறுப்பாக இல்லை.

பெரிதாக்கினான்.

இமை. மஞ்சள் பூசிய இமை. மூடியிருந்தது.

டிரிக்கரைப் பார்த்தான். ஆட்டோ.

நிமிர்ந்தான்.

ஓட்டைக்குள் கண். திறந்திருந்தது.

"ஜெகன்!"

ஜெகனின் முதுகு விறைத்தது. வீராசாமி அவன் கையைப் பற்றினார். "திரும்பாத. நட."

"கண்ணு தொறந்து கீதுபா! திரும்புங்க! நைனா, நீயாவது திரும்பு!"

ஏகாம்பரத்தின் கால்கள் நின்றன. தோள்கள் குலுங்கின. பக்கவாட்டில் இருந்தவர்கள் அவரை இறுக்கிப் பிடித்து நடத்தினார்கள். ஒரு தலையும் திரும்பவில்லை. வரப்பு வளைந்தது. ஆட்கள் மறைந்தார்கள்.

ஓடிப்போய்ச் சேற்றைப் பிய்க்கவேண்டும். கால் வரவில்லை.

வைக்கோல் படபடத்தது. அந்த ஓட்டை வழியாகப் புகை திரண்டு வந்தது. மஞ்சள் புகை. அடர்ந்த புகை. கண்ணுக்கு மேலேயே உருண்டது.

கண் புகைக்குச் சிமிட்டவில்லை.

உள்ளே சிவந்தது. அனலுக்கும் சிமிட்டவில்லை. ஏரியைப் பார்க்கவில்லை. போகிறவர்களைப் பார்க்கவில்லை. அவனையும் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில், ஸ்டாண்டில் நின்ற ஃபிளாஷைப் பார்த்தது.

அவன் விரல் கேமரா பட்டனை அமுக்கியது.

வெளிச்சம்.

மூடியது. திறந்தது. ஃபிளாஷையே பார்த்துக்கொண்டு, அடுத்ததற்காகக் காத்திருந்தது.