ஒரு படி தவிடு

காலை ஆறரை மணிக்கே ரத்தினம்மாள் முறத்தில் தவிட்டைக் கொட்டிக் கட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். பெங்களூர் நீலசந்திராவில் எங்கும் கிடைக்காமல், கிரண் நேற்று அத்திபெலே வரைக்கும் காரில் போய் மாட்டுத் தீவனக் கடையில் வாங்கி வந்த தவிடு.

"லச்சுமி! அரிசிப் படிய எடுத்தா. ஏழரைக்குள்ள முடிக்கணும், அப்புறம் ராகுகாலம்."

அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த லட்சுமம்மாவின் கை நின்றுவிட்டது. மறுபடியும் இந்த வீட்டில் தவிடா!

குழந்தை தங்காத வீட்டில் அடுத்துப் பிறப்பதை ஒரு படி தவிட்டுக்கு வேறொருத்திக்கு விற்றுவிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். பிறகு பெற்றவளை அந்தக் குழந்தை அம்மா என்று கூப்பிடக் கூடாது. தேடி வருகிற எமன், இது அவள் பிள்ளையில்லை போலிருக்கிறது என்று ஏமாந்து திரும்பிவிடுவானாம்.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்பு இதே கூடத்தில் லட்சுமம்மா கிரணை அப்படித்தான் விற்றாள். வாங்கியவள் ரத்தினம்மாள், லட்சுமம்மாவின் புருஷனுக்கு அக்கா. பிள்ளையில்லை என்று புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பிவிட்ட பாவப்பட்ட பெண். அன்றுமுதல் கிரணுக்கு ரத்தினம்மாள் அம்மா, பெற்றவள் அத்தை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. காய்ச்சலில் கண்விழித்தது அத்தை, காலையில் திருநீறு பூசிப் பெயர் வாங்கியது அம்மா.

அவன் பரீட்சையில் தேறினாலும், கம்பெனியில் மேனேஜர் ஆனாலும், எல்லாம் ரத்தினம்மாளின் கைராசி, தவிட்டு யோகம் என்றார்கள். தவிட்டுக்கு அத்தனை யோகம் இருந்தால் தீவனக் கடைக்காரர்கள் எல்லாம் இந்நேரம் மந்திரியாகியிருக்க வேண்டாமா? லட்சுமம்மா ஒருநாளும் வாய் திறந்ததில்லை. புருஷன் அய்யாவு போன பிறகு அவளுக்காகப் பேசவும் அங்கே ஆளில்லை.

பூண்டுப் பாலை எடுத்துக்கொண்டு மருமகளின் அறைக்குப் போனாள். தீபிகா சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். தாயில்லாப் பெண். போன வருஷம் ஏழாம் மாதத்தில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவள். இப்போது பிறந்திருப்பது பெண், இன்றோடு ஐந்து நாள்.

"அத்தை... இனிமே என் பொண்ணு பெரியத்தையைத்தான் அம்மான்னு கூப்பிடணுமாம், என்னை அக்கான்னு. நீங்க எப்படி அத்தை தாங்கினீங்க?"

லட்சுமம்மா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். குனிந்து குழந்தையைத் தொட்டாள்.

"நேத்துலேருந்து பாலே குடிக்கல அத்தை. எழுப்பினாலும் தூங்கிப்போகுது."

பெண் குழந்தையாச்சே, மேனி மின்னட்டும் என்று ரத்தினம்மாள் தினமும் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தங்க விக்கிரகம் என்று எல்லோரும் திருஷ்டி கழித்தார்கள். லட்சுமம்மா மெல்ல இமையைப் பிரித்தாள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள்! பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். அங்கேயும் அதே நிறம்.

குழந்தையை வாரிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தாள்.

"கிரண், காரை எடு! ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஐயோ, பேடா, வேண்டாம்! பதினோரு நாள் ஆகாம வாசப்படி தாண்டக் கூடாது," என்று எழுந்தாள் ரத்தினம்மாள். "அது நான் தேச்ச மஞ்சள்டி!"

"மேலுக்குத் தேச்ச மஞ்சள் கண்ணுக்குள்ள எப்படி அண்ணி போகும்?"

கிரண் படித்தவன்தான். ஆனால் தன் குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்ட பயத்தில் யாருக்குப் படிப்பு ஞாபகம் வருகிறது?

"கொழந்தைய அம்மாகிட்ட குடுங்க அத்தை. முதல்ல இது முடியட்டும். என் தலையெழுத்தையே மாத்தினது அந்தத் தவிடு! உங்களுக்கென்ன தெரியும்... பெத்த புள்ளைய வித்தவங்கதானே நீங்க!"

லட்சுமம்மா குழந்தையைக் கொடுக்காமல் மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"ஆமா, வித்தேன்! உனக்கு முன்னாடி ரெண்டு பேரு, இதே மாதிரி மஞ்சள் பூத்து, இதே மாதிரி தூங்கித் தூங்கியே போயிட்டாங்க. உன் பாதத்துல மஞ்சளைப் பார்த்ததும் உங்க பாட்டி கால்ல விழுந்தேன், ஆஸ்பத்திரிக்கு விடுங்கன்னு. 'உன் புள்ளையா இருக்கற வரைக்கும் வாசப்படி தாண்டாது. வித்துடு, வாங்கினவ எங்க வேணா தூக்கிட்டுப் போகட்டும்'னாங்க. நான் உன்னைத் தவிட்டுக்கு விக்கலடா... ஆஸ்பத்திரிக்கு வித்தேன்!"

"அத்தை..."

"அன்னிக்கு உன்னத் தூக்கிக்கிட்டு ஓடினது உங்கம்மாதான், இல்லேங்கல. நாலு நாள் நீல வெளக்கு வெளிச்சத்துல கெடந்தே."

"அப்ப ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

"பயம்டா! வெளக்கு காப்பாத்துச்சா, தவிடு காப்பாத்துச்சா... எனக்கென்ன தெரியும்? நான் வாயைத் தொறந்து உனக்கு ஒண்ணு ஆயிட்டா?" அவள் குழந்தையின் பாதத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். "இப்பவும் தெரியாது. ஆனா தீபிகாவை அன்னிக்கு என்னை நிறுத்தின மாதிரி நிறுத்த விடமாட்டேன்."

கிரண் ரத்தினம்மாளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த முறம் சரிந்து தவிடு தரையில் கொட்டியது. திருப்பி அனுப்பப்பட்டவளைக் கைராசிக்காரி ஆக்கியது அந்தத் தவிடு. அதை விட்டுக்கொடுப்பது லேசா? உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவள் சட்டென்று கத்தினாள்.

"லச்சுமி சொல்றது நெஜம்டா! நிக்கிறியே, காரை எடு!"

ஆஸ்பத்திரியில் குழந்தையை உடனே நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள். பக்கத்திலேயே தீபிகா. ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் ஸ்ரீவித்யா வெளியே வந்தார்.

"நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க. இன்னும் ஒருநாள் விட்டிருந்தா காமாலை மூளையைத் தாக்கியிருக்கும். இனி பயமில்ல." கையிலிருந்த தாளைப் புரட்டினார். "அப்பாவுக்குப் பிறந்தப்போ இப்படி வந்திருக்கா? எத்தனாவது நாள்?"

கிரண், பெஞ்சில் அமர்ந்திருந்த இரண்டு பெண்களின் பக்கம் திரும்பினான்.

"அம்மா, எனக்கு எத்தனாவது நாள் வந்துச்சு?"

லட்சுமம்மா வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தச் சொல் வரும்போதெல்லாம் அப்படிக் குனிந்து பழகிவிட்டது. ரத்தினம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். எடுத்தவள் நிறுத்திக்கொண்டு, லட்சுமம்மாவின் தோளை மெல்ல இடித்தாள்.

"உன்னத்தான் கேக்குறான். சொல்லு."

லட்சுமம்மா நிமிர்ந்தாள். கிரண் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"மூணாவது நாள் சாமி... சாயங்காலம், வெளக்கு வெக்கிற நேரம்..."

கிரண் வந்து தரையில் உட்கார்ந்து அவள் மடியில் முகம் புதைத்துக்கொண்டான். "வித்தவங்கன்னு சொல்லிட்டேனே அம்மா..." என்று திரும்பத் திரும்ப அழுதான்.

ரத்தினம்மாள் சத்தமில்லாமல் எழுந்தாள். லட்சுமம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறீங்க அண்ணி? இவனத் தூக்கிட்டு ஓடினவங்க நீங்க. உக்காருங்க."

"வீட்டுக்குத்தான்டி. கூடமெல்லாம் தவிடு கெடக்கு," என்று ரத்தினம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பக்கத்துத் தெரு கிருஷ்ணப்பா வீட்டு மாட்டுக்காவது அள்ளிப் போடணும்."

ஆனால் அவள் போகவில்லை. பிடித்த கையை விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.