கீழே விழாத நிழல்

ஜோதிகா வீரபாண்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது காலை பத்து மணி. மேல்காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. கல்லூரியின் நிலவறை ஆய்வுக்கூடத்துக்குள் காற்றும் வராது, வெளிச்சமும் வராது. லேசருக்காக ஜன்னலே வைக்காத அறை. உள்ளே பழைய இரும்பு வாடை.

அங்கேதான் நாகராஜ் சார் நான்கு வருடம் உழைத்தார். கண்ணாடிக் கலத்திலிருந்து காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, ரூபிடியம் அணுக்களைக் காந்தப் பொறியில் பிடித்துக் குளிர்விப்பார். இயற்கையில் எங்கும் இல்லாத குளிர். இரண்டு மாதம் முன்பு அதே அறையில் மாரடைப்பில் இறந்துபோனார். மிச்ச வேலையை முடிக்க வந்தவள் அவருடைய பழைய மாணவி ஜோதிகா.

மூன்றாம் நாள் மதியம் அணுக்கள் சிக்கின. டெக்னீசியன் கர்ணன் வாசலைத் தாண்டி வரவில்லை.

ஜோதிகா பொறியை அணைத்தாள். பிடி விட்டதும் அணுக்கள் கண்ணிமைப்பதற்குள் விழுந்து சிதறும். கேமரா அவற்றின் நிழலை மட்டும் எடுக்கும்.

திரையில் அந்த நிழல் கீழே விழாமல் நின்றது.

காந்தத்தில் மின்சாரம் இல்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. அவள் இடப்பக்கம் நகர்ந்தாள்.

நிழலும் நகர்ந்தது.

"கர்ணண்ணே," என்றாள்.

"எனக்கும் தெரியும் மேடம். சார் போன பொறவு ஒருநா ஓட்டிப் பாத்தேன், இதே மாதிரிதான்." அவர் தரையைப் பார்த்தார். "நெஞ்சு வலிச்ச அன்னைக்கு சார் உள்ள இருந்து கூப்பிட்டாக. லேசர் ஓடுதுன்னு நான் கதவத் தொறக்கல. அவுகள வெளிய விட்ருங்க."

வால்வைத் திறந்தால் கலம் பாழ். அவளுடைய ஆய்வும் போகும். வெகுநேரம் அதன்மேல் கை வைத்திருந்தாள்.

"போங்க சார்."

திறந்தாள். காற்று சீறிக்கொண்டு கலத்துக்குள் பாய்ந்தது. திரை வெறுமையானது. கர்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஜோதிகா காற்றை உறிஞ்சும் பம்பின் ஒயரைப் பிடுங்கினாள்.

பிறகு அவள் காது அடைத்தது.

அழுத்தமானியில் எண் இறங்கியது. கலத்துக்குள் அல்ல, அறைக்குள்ளேயே காற்று குறைந்துகொண்டிருந்தது. கதவு தானாக அறைந்து சாத்திக்கொண்டது. கத்தினாள், அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

இந்த முறை கர்ணன் நிற்கவில்லை. சுவரில் காலை ஊன்றி, இரண்டு கையாலும் கதவை இழுத்துத் திறந்து, அவளை வெளியே இழுத்துப்போட்டார்.

வராந்தாவில் இருவரும் இரைத்துக்கொண்டு கிடந்தார்கள். கதவு மறுபடி மூடிக்கொண்டது.

அதன் அடியிடுக்கில் வராந்தாத் தூசி மெல்ல உள்ளே இழுபட்டது. நின்றது. வெளியே வந்தது.

மறுபடி உள்ளே போனது.