பகல் தூக்கம் பறிபோகும்!

"அய்யோ... பொணம்! பொணம்!"

மெஹ்தாப் லாட்ஜின் மாடி அதிர்ந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர். 1988. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் பிற்பகல்.

ரிசப்ஷனில் இருந்த மானேஜர் அபுதாஹிர் இரண்டிரண்டு படியாகத் தாவினான்.

ஏழாம் அறை வாசலில் துடைப்பத்தைக் கட்டிப்பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள் செல்லத்தாய். லாட்ஜைக் கூட்டிப் பெருக்குகிறவள்.

"கதவு தெறந்து கெடந்துச்சு தம்பி... கூப்பிட்டேன், உலுக்கினேன்... அசையலை. அவிய போயிட்டாவ!"

கட்டிலில் மல்லாந்து கிடந்தார் ஏசுவடியான். தூத்துக்குடி வாட்ச் வியாபாரி. வாய் பிளந்திருந்தது.

அபுதாஹிர் குனிந்தான். அவர் மூக்கருகே மெல்ல விரலை நீட்டினான்.

நீட்டிய விரலில்...

ஒரு பிரமாதமான கொட்டாவி வந்து மோதியது!

"ஆஹா... என்ன மெத்தைவே இது! சொர்க்கம்!" சோம்பல் முறித்தார் ஏசுவடியான்.

செல்லத்தாய் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அபுதாஹிர் சிரிக்க வாயெடுத்தான். அதற்குள் ஏசுவடியானின் பார்வை மேஜைக்குப் போனது. முகம் வெளுத்தது.

"என் பெட்டி! வாட்ச் பெட்டி எங்க?"

பிணமே எழுந்து அலறியது!

*

ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிகளைக் கேட்டுப் பாருங்கள். சங்கரன்கோவில், தென்காசி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்... எந்த ஊரானாலும் மெஹ்தாப் லாட்ஜ் என்றால் முகம் மலரும். இலவம்பஞ்சு மெத்தை. மலைக்காற்று. சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் புது மாடல் பூட்டு.

ஜில்ஜில் லாட்ஜ் என்று சொல்லிப் பாருங்கள். "தெருவுல வேணாலும் படுக்கேன் சார்!" என்பார்கள். அதற்கும் எல்லா ஊரிலும் கிளை உண்டு. எந்த ஊரிலும் குழாயில் தண்ணீர் கிடையாது.

ஆனால் திருடன் நுழைந்ததென்னவோ மெஹ்தாப்பில்தான். இது முதல் தடவையும் அல்ல. போன மாதம் ராஜபாளையம் கிளை. அதற்கு முன்பு தென்காசி. எல்லாமே மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய தூக்கத்தில்!

"பூட்டை உடைக்கலை. அப்ப சாவி போட்டுத்தான் தெறந்திருக்கான்." மீசையை நீவினார் இன்ஸ்பெக்டர் சேதுபதி. "மாத்துச்சாவி யார்ட்ட இருக்கு?"

முதலாளி பக்கீர் முகமதுவின் பார்வை அபுதாஹிரின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்துக்குப் போனது. மற்ற கிளைகளையும் அவ்வப்போது போய்ப் பார்த்து வருகிறவன் அவன்தான்.

"முதலாளி... என்னையவா சந்தேகப்படுறீய?"

"ஒன் அத்தா மொகத்துக்காக ஒன்னைய வச்சேன். நான் என்னத்தச் சொல்ல?"

அடுத்த மாதம் அவனுக்கு நிக்காஹ். மணப்பெண் மாஜிதாவின் வீட்டுக்கு இந்தப் பேச்சு எட்டினால்?

"இந்தத் தம்பியப் போயி சந்தேகப்படலாமா சார்?"

எல்லோரும் திரும்பினார்கள். பால்ச்சாமி! பல்பொடிக் கம்பெனி பிரதிநிதி. எந்நேரமும் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிற மனிதர். மெஹ்தாப் லாட்ஜின் பரம ரசிகர். வருகிறபோதெல்லாம், 'அம்புட்டு ரூமும் அனுபவிக்கணும் தம்பி' என்று புதுப்புது அறையாகக் கேட்டு வாங்குவார்.

"தொழில் போட்டி சார்! ஜில்ஜில் ஓனர் சின்னத்துரையைப் பிடிச்சு நாலு தட்டு தட்டுங்க. உண்மை வெளிய வரும்."

அபுதாஹிருக்குக் கண் கலங்கியது. 'நமக்காகப் பேசவும் ஒரு ஆள் இருக்கே!'

*

மறுநாளே, சின்னத்துரை இருக்கும் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினான் அபுதாஹிர்.

ஜில்ஜில் லாட்ஜ் வரவேற்பறையில் ஒரே ஒரு விசிறி. அதுவும் ஓனர் சின்னத்துரையின் தலைக்கு மேலே.

"ரூம் வேணுமா தம்பி?" துள்ளி எழுந்தார் அவர்.

"ரூமு வேண்டாம் அண்ணாச்சி. எங்க லாட்ஜுல திருட ஆள் அனுப்புறது நீங்கதானா?"

சின்னத்துரை தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஏலே, அப்படி அனுப்பியிருந்தா எனக்கு ஏவாரம் கூடியிருக்கணும்லா? ஒங்க லாட்ஜுல திருட்டுன்னு ஊரே பேசுது. அப்பமும் ஒருத்தன் இங்கன வரலையே! பெட்டியத் தொலைச்சாலும் பரவாயில்லன்னு அங்கதான் வாரானுக!"

அபுதாஹிருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். மனுஷன் பொய் சொல்லவில்லை. இவ்வளவு வயிற்றெரிச்சலை யாரும் நடிக்க முடியாது!

"இன்னொண்ணு கேளு. நேத்து பெட்டியத் தொலைச்ச தூத்துக்குடிக்காரரு எங்க ஸ்ரீவில்லிபுத்தூர் கிளைக்கு வழக்கமா வந்தவருதான். அங்க பஸ் ஸ்டாண்டுல எவனோ ஒருத்தன், 'மெஹ்தாப்புக்குப் போங்க, மெத்தை சொகமா இருக்கும்'னு திருப்பி விட்டுட்டானாம். போன மாசம் தொலைச்சவரும் அப்படித்தான் போனாரு!"

அபுதாஹிர் நிமிர்ந்தான்.

"யாரு அண்ணாச்சி அவன்?"

"தெரிஞ்சா விடுவேனா?"

*

"பொறி வச்சிர வேண்டியதுதான்!" என்றார், அபுதாஹிர் கொண்டுவந்த சேதியைக் கேட்ட இன்ஸ்பெக்டர்.

மெஹ்தாப் ரிசப்ஷனில், தங்க வந்தவர்கள் உட்பட காதுள்ள எல்லோருக்கும் கேட்கும்படி அபுதாஹிர் செல்லத்தாயிடம் சொன்னான்.

"அக்கா, நாலாம் ரூமுக்கு நகை யாவாரி வந்திருக்காவ. மத்தியானம் தூங்குவாவ. சத்தம் போடாதீய."

நாலாம் அறையில் லுங்கி கட்டிய 'நகை வியாபாரி' இன்ஸ்பெக்டர் சேதுபதியேதான்! பக்கத்தில் கறுப்புப் பெட்டி. பாத்ரூம் கதவிடுக்கில் அபுதாஹிர்.

"நான் தூங்குற மாதிரி நடிப்பேன். அவன் பெட்டியத் தொட்டதும் அமுக்கிருவேன். நீ சும்மா வேடிக்கை பாரு," என்றார் இன்ஸ்பெக்டர்.

படுத்தார். கண்ணை மூடினார்.

சற்று நேரத்தில் குறட்டை கிளம்பியது.

'அடேயப்பா! என்னமா நடிக்காரு!' வியந்தான் அபுதாஹிர்.

க்ளிக்!

பூட்டு திறந்தது. கதவு ஒருக்களித்தது. தலையில் துண்டு போர்த்திய உருவம் பூனையாய் உள்ளே வந்தது. பெட்டியைத் தொட்டது... தூக்கியது...

இன்ஸ்பெக்டர் அசையவில்லை!

'சார்... அமுக்குங்க சார்!'

கொர்ர்ர்...

அப்போதுதான் அபுதாஹிருக்கு உறைத்தது. அடப்பாவி மனுஷா... நிஜமாகவே தூங்கிவிட்டார்!

உருவம் கதவை நெருங்கியது. இன்னும் ஓரெட்டு வைத்தால் வெளியே! அவன் வேலை, மானம், மாஜிதா... எல்லாமே அந்தப் பெட்டியோடு போய்விடும்.

"யா அல்லாஹ்!"

பாய்ந்தான். இடுப்பைக் கட்டிக்கொண்டு உருண்டான். முழங்கை ஒன்று தாடையில் இடித்தது. வாயில் ரத்தம் கரித்தது. பிடியை விடவில்லை. துண்டைப் பிடித்து இழுத்தான்...

விழுந்தது துண்டு.

தெரிந்தன... பற்கள்!

"பால்ச்சாமி அண்ணே... நீங்களா?"

சத்தத்தில் புரண்டு படுத்தார் இன்ஸ்பெக்டர். "காபி வந்துட்டாப்பா?"

*

பால்ச்சாமியின் பையில் சாவிகள் குலுங்கின. தங்கிய அறைக்கெல்லாம் ஒரு கள்ளச்சாவி. ஏசுவடியானின் வாட்ச் ஒன்று கையிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

பக்கீர் முகமது அபுதாஹிரின் வீங்கிய தாடையைத் தொட்டுப் பார்த்தார்.

"மன்னிச்சிரு தம்பி. மாஜிதா வீட்டுக்கு நானே போயி நடந்ததச் சொல்லுதேன்."

அபுதாஹிர் வாயோரத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான். பிறகு பால்ச்சாமியைப் பார்த்தான்.

"ஒங்கள நல்ல மனுஷன்னு நம்பினேனே அண்ணே... எங்க லாட்ஜு ஒங்களுக்கு என்ன பாவம் செஞ்சுச்சு?"

"தப்பா நெனைக்காத தம்பி. பஸ் ஸ்டாண்டுல நான் அவுககிட்ட சொன்னதெல்லாம் சத்தியம். இந்த மாதிரி லாட்ஜு தென் மாவட்டத்துலயே கெடையாது!"

லுங்கியை இறுக்கியபடி உறுமினார் இன்ஸ்பெக்டர். "அப்பொறம் ஏன்டா ஜில்ஜில்லை விட்டுட்டு இங்க மட்டும் திருடுன?"

பால்ச்சாமியின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு மறைந்தது.

"அங்கயும் போனேன் சார். மூட்டைப்பூச்சிக் கடியில ஒரு பய தூங்கல! எந்த ரூமைத் தெறந்தாலும் எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, 'வாங்கண்ணே, ஒங்களுக்கும் தூக்கம் வரலையா'ங்கானுக!"