வுப்பர்டால் சொல்லாத வாக்கு

கமலாம்பிகை அக்கா கதிரையில் இருக்கக்கூட இல்லை.

“அண்ணை, என்ர வெற்றியை ஆரோ களவெடுத்திட்டினம். ஆரெண்டு எனக்குத் தெரியவேணும்.”

செல்வரட்ணம், தீப்பிடித்த கடைகளை ஆராய்ந்து காப்புறுதி நிறுவனமொன்றுக்கு அறிக்கை எழுதியே தலை நரைத்தவர். ஓய்வுபெற்ற பிறகும் ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத் தமிழரின் சிக்கலெல்லாம் அவரைத் தேடித்தான் வந்தது. பக்கத்தில் இருந்த மதீசன் தொங்கு ரயில் ஓட்டுபவன். லீவு நாளென்றால் துப்புத் துலக்க அவரிடம் ஓடிவந்துவிடுவான். தலைவர் தெரிவு மாநாட்டன்று வேலையாகிப் போனதில் அவனுக்கு இன்னும் ஆற்றாமை.

ஜேர்மனித் தமிழ்ச் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவர் தெரிவு அது, அக்காவும் மகேந்திரராஜாவும் வேட்பாளர்கள். அமெரிக்கக் கட்சிகள் ஜனாதிபதி வேட்பாளரைத் தெரிவுசெய்யும் மாநாடு மாதிரியே இதையும் நடத்தவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அக்காதான். ஊர் ஊராகப் பிரதிநிதிகள் வந்து, ஊர்ப்பெயர்ப் பலகையின் கீழ் இருந்து, பெயர் கூப்பிட எழும்பி, வாக்கை ஒலிவாங்கியில் சொல்லவேண்டும். எல்லாம் வெளிப்படை, ஒருவரும் சுத்துமாத்துச் செய்ய ஏலாது. தெரிவு முடிந்ததும் கூரையிலிருந்து பலூன் கொட்டும். அதுவரை வேட்பாளர்கள் மண்டபத்துக்குள் வருவதில்லை.

“அங்க இன்னொரு வழக்கமும் இருக்கு, அண்ணை. வேட்பாளரின்ர சொந்த ஊர் தன்ர முறையை விட்டுக்குடுத்துக் கடைசியாய்ச் சொல்லும். தங்கட ஆளைத் தாங்களே வெல்லப்பண்ணுற பெருமை. வுப்பர்டாலையும் அப்பிடிச் செய்யச்சொல்லி நான்தான் கேட்டனான். ஹனோவர் சொல்லி முடிய மகேந்திரராஜா கொஞ்சம் முன்னுக்கு. மிச்சம் என்ர ஊர் மட்டும்தான். அப்பதான் பலூன் விழுந்தது.”

தெரிவு முடிந்துவிட்டது என்று சனம் எழும்பிக் கைதட்ட, யாரோ பாட்டைப் போட, முன்னுக்கு நின்ற மகேந்திரராஜாவை மேடையில் ஏற்றிவிட்டார்கள். அந்த அமளியில் வுப்பர்டாலை ஒருவரும் கூப்பிடவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். மகேந்திரராஜா கள்ளன் எண்டு மேடையில சொல்லப்போறன்.”

“பலூன் விழேக்குள்ள நீங்கள் எங்க?” என்று செல்வரட்ணம் கேட்டார்.

“மேடைக்குப் பின்னால, என்ர அறையில. இவர் தேத்தண்ணி எடுக்கப் போனவர். வரேக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. தேத்தண்ணியும் ஆறிப்போச்சு, நான் வாயில வைக்கேல்லை.”

கணவர் கனகலிங்கம் அக்காவின் கோட்டை மடித்துப் பிடித்தபடி கதவோரம் நின்றார்.

செல்வரட்ணமும் மதீசனும் போனபோது மாநாட்டு மண்டபம் இன்னும் கூட்டிப் பெருக்காமல் கிடந்தது. பலூன் வலையின் கயிறு மேடைக்குப் பின்னால் இறங்கி, வெப்பமூட்டிக் குழாயில் கட்டப்பட்டிருந்த இடத்தை மதீசன் கண்டுபிடித்தான். கயிறு அறுந்திருக்கவில்லை, யாரோ அவிழ்த்திருந்தார்கள். பக்கத்து யன்னல் விளிம்பில் கோப்பை வைத்த அடையாளமாக இரண்டு மண்ணிற வட்டங்கள்.

“ரெண்டு பேர், அண்ணை. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டு அவிட்டிருக்கினம்.”

வுப்பர்டால் பலகையின் கீழ், கதிரைகளுக்கு அடியில், மகேந்திரராஜாவின் பெயர் அச்சிட்ட கைப்பதாகைக் கட்டு ஒன்று. போட்ட ரப்பர் வளையம்கூடக் கழற்றப்படவில்லை.

“பாத்தியளே? அக்காவின்ர ஆக்களுக்கு நடுவிலையும் பூந்திட்டாங்கள்.”

செல்வரட்ணம் தேத்தண்ணி போடும் குசினியிலிருந்து அக்கா இருந்த அறைக்கு நடந்தார். அடுத்தடுத்த கதவுகள். அவருடைய முகம் விழுந்துபோயிற்று.

“இந்த விசாரணையை நான் எடுத்திருக்கப்படாது, மதீசன்,” என்றார்.

சனிக்கிழமை அதே மண்டபத்துக்கு அக்காவையும் கனகலிங்கத்தையும் மகேந்திரராஜாவையும் வரச்சொன்னார்.

“தம்பி,” என்று மகேந்திரராஜாவைப் பார்த்தார், “வுப்பர்டாலைக் கூப்பிட்டிருந்தால் ஆருக்குச் சொல்லியிருக்கும்?”

மகேந்திரராஜா தலை குனிந்தார். “அதை விடுங்கோ, அண்ணை.”

“விட ஏலாது. நாளைக்கு உங்களைக் கள்ளன் எண்டு சொல்லப்போகினம்.”

“எனக்குத்தான்,” என்றார் மகேந்திரராஜா, மெதுவாக. “முதல்நாளே வந்து சொன்னவை. அக்கா நல்லாச் செய்வா, ஆனா ஒருத்தரையும் கேக்கமாட்டா எண்டு அவைக்குக் குறை. பதாகையும் அவைதான் கேட்டு வாங்கினவை. வுப்பர்டால் சொன்னதும் தூக்கிப் பிடிக்க.”

அக்கா மதீசனைப் பார்த்தார். “கட்டு வுப்பர்டால் பலகையின்ர கீழதான் கிடந்தது, அக்கா,” என்றான் அவன்.

“அப்ப இவருக்குப் பலூன் கயிற்றை அவிழ்க்கத் தேவையே இல்லை,” என்றார் செல்வரட்ணம். “பேசாமல் இருந்தாலே வெற்றி. அவிட்டவருக்கு வேண்டியது வேறை. வுப்பர்டால் சொல்லுறது கமலாம்பிகையின்ர காதில விழப்படாது. யன்னலில ரெண்டு கோப்பை வட்டம். ரெண்டு பேர் நிக்கேல்லை. ஒருத்தர் ரெண்டு கோப்பை கொண்டுபோனவர், ஒண்டு தனக்கு, மற்றது இன்னொராளுக்கு. கயிறு அவிழ்க்க ரெண்டு கையும் வேணும், அதாலை இறக்கி வைச்சவர். மகேந்திரராஜா தன்ர அறையில தனிய. அடுத்த கதவுக்குக் கொண்டுபோற தேத்தண்ணி வழியில ஆறிப்போகாது, பிள்ளை.”

கனகலிங்கம் மறைக்கவில்லை. “குசினியில வுப்பர்டால் ஆக்கள் கதைச்சதைக் கேட்டனான், கமலம். மேடைப்பேச்சை நீ அறைக்குள்ள நிண்டு பாடமாக்கிக்கொண்டு இருந்தனி. சொந்த ஊர் வேண்டாமெண்டு ஒலிவாங்கியில சொல்லேக்குள்ள அதைக் கேட்டுக்கொண்டு நீ நிக்கக்கூடாது எண்டு நினைச்சன். வேறொண்டும் எனக்கு ஓடேல்லை.”

அக்கா ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். கடைசியாகச் சொல்லச்சொல்லி ஊரைக் கேட்டது தானே என்பதை நினைத்திருப்பார்.

“நீங்களும் என்னைக் கேக்கேல்லையே,” என்றார் பிறகு. “தோத்தால் ஒருநாள் அழுதிருப்பன். இப்ப ஒரு கிழமையாய் இந்த மனிசனைக் கள்ளன் எண்டு வீடு வீடாய்ச் சொல்லித் திரிஞ்சிட்டன். அதை நான் எங்க போய்த் துடைக்கிறது?”

அக்கா மகேந்திரராஜாவின் பக்கம் திரும்பினார்.

“மகேந்திரராஜா, நாளைக்கு வுப்பர்டாலைக் கூப்பிடச் சொல்லுங்கோ.”

“வேண்டாம், அக்கா.”

“கூப்பிடவேணும். நான் உள்ளுக்கு இருந்து கேக்கிறன்.”

ஞாயிற்றுக்கிழமை வுப்பர்டாலைக் கூப்பிட்டார்கள். குழுத்தலைவி எழும்பினாள், முன்வரிசையில் அக்காவைக் கண்டதும் ஒலிவாங்கியைக் கீழே இறக்கினாள். “சொல்லு பிள்ளை, நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்,” என்றார் அக்கா. அவள் மகேந்திரராஜாவின் பெயரைச் சொன்னாள். அக்காதான் முதலில் கைதட்டினார். பிறகு மேடையேறி, எல்லார் முன்னாலும் மகேந்திரராஜாவிடம் மன்னிப்புக் கேட்டார்.

பின்வரிசையில் கனகலிங்கம் இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு இருந்தார். அக்கா இறங்கி வரும்வரை இரண்டையும் ஆறவிடாமல் உள்ளங்கைகளால் பொத்திப் பிடித்திருந்ததை மதீசன் கண்டான். அக்கா வந்து ஒன்றை வாங்கிக் குடித்தார்.