பதினெட்டு முடியும் வரை...

"அப்பாஆஆ...!"

அலறல் செல்போனுக்குள் பாய்ந்தது.

கோட்டு போனைப் பையனின் வாயருகேயிருந்து எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டான். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவன் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். தொழில், வட்டிக்கு விடுவது.

"மெக்கானிக் சார்... பையனுக்கு இன்னைக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. வாழ்த்துச் சொல்லலாம்னு கூப்பிட்டேன்!"

கோட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"மூணு மாசம் முன்னாடி பைக்குக்காக அவன் வாங்கின கடன். நீங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டாப் போதும், பையன் வீட்டுக்கு வந்துருவான். என் ஆபீஸ் தெரியும்ல?"

"எட்டாவது மாடி. அந்த லிஃப்ட்டைப் பார்த்துக்கறதே நான்தானே தம்பி?"

"தனியா வரணும். நானே கீழ வந்து பார்த்துட்டுத்தான் மேல கூட்டிட்டுப் போவேன். உஷார்!"

அரை மணி நேரம் கழித்து, பையனுக்குத் தன் அடியாள் தடியனைக் காவல் வைத்துவிட்டுக் கோட்டு கீழே இறங்கினான்.

லிஃப்ட் வாசலில் மெக்கானிக் ஒற்றை ஆளாக நின்றிருந்தார். கையில் பை. கோட்டு அதைக் கவிழ்த்துப் பார்த்தான். ஸ்பேனர்கள், கிரீஸ் டப்பா, அழுக்குத் துணி.

"சமர்த்து! ஏறுங்க."

கதவு மூடியது. மூன்று... நான்கு... ஐந்து...

மெக்கானிக் பட்டன் பலகையில் ஒரு சாவியை நுழைத்துத் திருப்பினார்.

தடக்!

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே லிஃப்ட் நின்றது.

"யோவ்! என்ன பண்ற?" கோட்டின் கையில் கத்தி முளைத்தது.

"பயப்படாதீங்க தம்பி. அறுந்து விழாது. மேல ஆறு கம்பிக் கயிறு. அஞ்சு போனாலும் மிச்சம் ஒண்ணு நம்ம ரெண்டு பேரையும் தாங்கும். ஆறும் போச்சுன்னு வைங்க... வேகம் எகிறினதும் அடியில ரெண்டு தாடை பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விக்கும். வெறிநாய் கவ்வற மாதிரி!"

"நான் கேட்டேனா?"

"எதுவும் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன். இப்ப உங்க கடன் பேப்பர். மூணு மாசம் முன்னாடி அவன் உங்ககிட்டக் கையெழுத்துப் போட்டப்ப வயசு பதினேழு. மைனர். அந்தப் பேப்பர் செல்லாது. சரியா?"

கோட்டு பல்லைக் கடித்தான். "அதுக்குத்தான் இன்னைக்குப் புதுசா போடச் சொல்றேன்!"

"இன்னைக்கு அவன் மேஜர். மேஜர் வாங்கற கடன் அவனோடது. ஜாமீன் போடாத வரைக்கும் பெத்தவன் தலையில விடியாது. ஆக, நேத்து வரைக்கும் கடனே இல்ல. இன்னையிலேருந்து என் கடன் இல்ல. நடுவுல நான் எங்க மாட்டறேன்?"

"நடுவுல உன் புள்ள மாட்டியிருக்கான்யா!" கோட்டு கத்தினான். "முந்தாநாள்லேருந்து கட்டிப் போட்டிருக்கேன்! பதினெட்டு முடியட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன்! இன்னும் அஞ்சு நிமிஷத்துல நான் மேல போகலைன்னா தடியன் அவன் விரலை ஒண்ணொண்ணா ஒடிப்பான்!"

மெக்கானிக்கின் நெற்றியில் வேர்வை. சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எ... எந்தக் கை தம்பி?"

"இடது கை! வலது கை கையெழுத்துக்கு வேணும்ல?" கோட்டு சிரித்தான். லிஃப்ட்டே கொஞ்சம் சுருங்கியது போலிருந்தது.

மெக்கானிக் கண்ணை மூடித் திறந்தார். மேலே, கூரைக்கு அப்பால் எங்கோ, எதுவோ தடாலென்று விழும் சத்தம்!

"இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். லிஃப்ட் நடுவழியில நின்னா, மாட்டிக்கிட்டவங்க குரல் கேக்கணும்னு கண்ட்ரோல் ரூமுக்கு லைன் தானாத் திறந்துக்கும்."

லிஃப்ட் கூரையிலிருந்த ஸ்பீக்கரில் கரகரவென ஒரு குரல்.

"நல்லாக் கேக்குது சார்! 'இடது கை' வரைக்கும் எழுதிக்கிட்டேன். கான்ஸ்டபிள் பேசறேன்."

கோட்டு பாய்ந்தான். கத்தி மெக்கானிக்கின் கழுத்தில் உரசியது. அவர் விரல்கள் மட்டும் சாவியை விடவில்லை. திருப்பின.

ஏழு... எட்டு...

கதவு திறந்தது. எதிரே துப்பாக்கி! பிடித்திருந்த இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"கத்தியைப் போடுடா! உன் தடியன் அங்க கவுந்து கிடக்கான்."

கத்தி விழுந்தது. கோட்டுக்கு இப்போதுதான் உறைத்தது. தான் உஷாராகக் கீழே இறங்கிப் போன நேரத்தில் இவர்கள் படியேறியிருக்கிறார்கள்!

"எட்டு மாடி!" இன்ஸ்பெக்டர் முறைத்தார். "வயர்லெஸ்ல கேட்டுக்கிட்டேதான் ஏறினோம். நீங்க அந்தக் கயிறு, தாடை எல்லாம் விளக்கி நேரத்தை இழுக்கலைன்னா நாங்க அஞ்சாவது மாடியிலதான் உக்காந்திருப்போம் மெக்கானிக் சார்!"

அவருக்குப் பின்னாலிருந்து பையன் ஓடிவந்தான். பத்து விரலும் பத்திரம். மெக்கானிக் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"அப்பா... மன்னிச்சிருங்கப்பா. இந்த பைக் விஷயம்... அம்மாகிட்ட நீங்களே எப்படியாவது..."

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ மேஜர்டா! அம்மாவுக்கு நீயே பதில் சொல்லு. அதுக்கெல்லாம் நான் ஜாமீன் போட மாட்டேன்!"