இரண்டாவது வெடி

இரட்டைக்குழல் துப்பாக்கியின் இடது குழலில் சுலபமாக இறங்கிய இடிகம்பி, வலது குழலில் இறங்கவில்லை. சாவுக்கு இரட்டை வெடி; அதற்கு ரவை வேண்டாம், மருந்தும் தேங்காய் நாரும் போதும். கொட்டி, திணித்து, உத்தையா இடிக்க இடிக்க, உள்ளிருந்து ஏதோ கம்பியை மெல்ல மேலே தள்ளியது. மூட்டம் போட்ட மதியம். முற்றத்து ஈரத்தில் நின்றபடி முழு பலத்தோடு அழுத்தினான். ஒருவழியாக இறங்கியது.

உள்ளே நடுக்கூடத்தில் அண்ணன் பெள்ளியப்பா, வெள்ளை அங்கி உடுத்திக் கிடந்தான். ஏலத்தோட்டத்தில் பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டேன் என்று உத்தையா அழுததை, வேட்டைக்குக் கூட வந்தவர்கள் நம்பினார்கள். பங்கு பிரிக்க மறுத்த அண்ணனை முகத்துக்கு நேரே பார்த்துச் சுட்ட பாவி வேறென்ன சொல்வான்!

அண்ணி தேச்சம்மா நம்பினாளா என்பதுதான் தெரியவில்லை. அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்ன தம்பி, கை நடுங்குது? காலையில நடுங்கலியே."

அவன் குழல்களின் பின்னால் தீப்பொறிக் கேப்புகளை மாட்டினான். இரண்டு வெடியையும் ஒழுங்காகப் போட்டுவிட்டால் போதும், உறவுக்காரர்கள் வந்து உடலை எடுத்துவிடுவார்கள், யாரும் எதையும் தோண்ட மாட்டார்கள்.

வானத்தைப் பார்த்து விசையை இழுத்தான். முதல் வெடி பள்ளத்தாக்கெல்லாம் உருண்டது. கந்தகப் புகையில் பச்சை ரத்த வாடை.

இரண்டாவது விசை. டிக்.

புதுக் கேப்பு மாட்டினான். டிக்.

ஒற்றை வெடி என்றால் ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது என்று அர்த்தம். எதிர்மேட்டிலிருந்து ஒரு குரல் சந்தோஷமாகக் கூவியது.

"யாருக்குப்பா பிள்ளை? அண்ணனுக்கா, உனக்கா?"

உள்ளே பெண்களின் அழுகை சட்டென்று நின்றது. தேச்சம்மா திரும்பிப் பார்த்தாள். பிறகு, யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கினாள்.

வெறுங்கால்கள். ஈரமான தரையில். மெதுவாக.

உத்தையாவால் ஓட முடியவில்லை. கத்தவும் முடியவில்லை. குளிர்ந்த கை துப்பாக்கியை அவனிடமிருந்து வாங்கியது.

"மருந்து போட்டிருக்க, சரி. ரவை எங்கடா?"

பெள்ளியப்பா துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தினான். அங்கியை விலக்கினான். நெஞ்சுக்குள் விரலை விட்டு, ஒவ்வொரு ரவையாகத் துழாவி எடுத்து, குழலில் போட்டான். உருண்டு இறங்கும் சத்தம். இன்னொன்று. இன்னொன்று.

மேலே வைத்து அடைக்க, தேச்சம்மா தன் முந்தானையிலிருந்து நாரை எடுத்து நீட்டினாள்.