யார் பெயரும் இல்லாத பதினேழு நிமிடங்கள்

காலைத் தேநீர் ஆறுவதற்குள் கயோகோவின் கண்ணில் அது பட்டுவிட்டது. அவளே போட்ட அட்டவணையில், பத்து நாற்பதுக்கும் பத்து ஐம்பத்தேழுக்கும் நடுவே யார் பெயரும் இல்லை.

இருக்கவே முடியாது. அந்த மலைமேட்டு ரேடியோ தொலைநோக்கியின் நேரத்தை இரண்டு ஆய்வுக் குழுக்களுக்குப் பங்குபோட்டுக் கொடுப்பதுதான் அவள் வேலை. ஹைட்ரஜன் வரைபடம் போடுகிறவர்கள் கியோத்தோவில், துடிப்பு விண்மீன் தேடுகிறவர்கள் செண்டாயில். ஐந்து நிமிடம் குறைந்தாலும் மாறி மாறி போன் செய்து உயிரை வாங்கிவிடுவார்கள். நேற்று மாலை ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாமல் போட்டுத்தான் அனுப்பியிருந்தாள்.

ஆனாலும் கிடைத்ததை விட மனம் வரவில்லை. இரவெல்லாம் பெய்த பனி, வானம் பார்த்துக் கிடந்த தொலைநோக்கியின் பிரம்மாண்டக் கிண்ணத்தில் அப்படியே கிடந்தது. இந்த இடைவெளியில் பெருக்கிவிட்டால் யாரிடமும் நேரம் கேட்டுக் கெஞ்ச வேண்டாம். பராமரிப்பு பார்க்கும் ஷிமோதாவைக் கூப்பிட்டாள்.

“இது யாரோட நேரம்?” என்றார் அவர், ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டே.

“யாரோடதும் இல்ல, ஷிமோதா-சான். நம்மளுதுன்னு வச்சுக்குவோம்.”

“ஓசியில வந்ததா? அப்ப மத்தியானம் நூடுல்ஸ் உங்க செலவு.”

கிண்ணத்துக்குள் ஆள் இருக்கும்போது தொலைநோக்கி அவள் கையில்தான் இருக்க வேண்டும். ஒருவர் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி, அடுத்தவர் வாங்கிக்கொண்டேன் என்ற பிறகே அது கைமாறும். சரியாகப் பத்து நாற்பதுக்கு ஷிமோதாவின் ஆரஞ்சுத் தொப்பி விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கியது. அதே நொடி கியோத்தோ அழைத்தது.

“குடுத்துட்டோம்.”

கயோகோ வாயைத் திறந்தாள்.

“வாங்கிக்கிட்டேன்” என்றது ஒரு குரல்.

அவள் குரல் இல்லை. மெதுவான, பொறுமையான குரல், காதுக்கு மிக அருகில். செண்டாய்க்காரர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று கோபத்துடன் அவர்களை அழைத்தாள். அங்கிருந்த பெண் குழம்பிப் போனாள். அவர்கள் முறை பத்து ஐம்பத்தேழுக்குத்தானே, இன்னும் யாரும் எதையும் வாங்கவில்லையே என்றாள்.

திரையில் ‘யார் கையில்’ என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. வெளியே மூடுபனி ஏறி கிண்ணத்தை முழுக்க மறைத்துவிட்டிருந்தது. அதற்குள்ளிருந்து, சன்னல் கண்ணாடியையும் மேசையையும் அவள் பற்களையும் மெல்ல அதிரவைத்தபடி, மோட்டார்கள் ஓடத் தொடங்கும் சத்தம் வந்தது.

கிண்ணம் சாய்கிறது.

சிவப்புப் பொத்தானை அடித்தாள். மறுபடி அடித்தாள். நிற்கவில்லை.

தொலைநோக்கியைக் குழப்பும் என்பதால் மலையில் கைபேசிக்கு அனுமதி இல்லை. கிண்ணத்தின் விளிம்பில் கம்பி வழித் தொலைபேசி ஒன்று மட்டும் உண்டு. அதற்கு அடித்தாள். நான்தான் அனுப்பினேன், நான்தான் அனுப்பினேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

எடுக்கப்பட்டது. சரக், சரக் என்று துடைப்பம் பெருக்கும் ஓசை.

“ஷிமோதா-சான், விளிம்பைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. அப்படியே வெளிய வந்துருங்க.”

“இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு” என்றது அந்தப் பொறுமையான குரல்.

மோட்டார் நின்றது. மூடுபனி விலகியது.

கிண்ணம் செங்குத்தாக நின்று அவள் சன்னலைப் பார்த்தது. அவ்வளவு தூரம் அது சாயவே சாயாது. அதில் ஒட்டியிருந்த பனி ஒரு பிடிகூடச் சரியவில்லை. நட்டநடுவில், தரையில் நிற்கிறவரைப் போல, ஷிமோதா பெருக்கிக்கொண்டிருந்தார். அவளுக்குத் தெரிந்தது ஆரஞ்சுத் தொப்பியின் உச்சி மட்டும். மாடியிலிருந்து கீழே பார்ப்பதுபோல் இருந்தது.

அவர் விழவில்லை.

துடைப்பம் நின்றது. வானத்தைப் பார்ப்பவரைப் போல அவர் முகத்தை மெல்ல உயர்த்தி அவளைப் பார்த்தார். முகம் வெளிறியது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு, மேலிருந்து விழும் ஒருவரைத் தாங்கிப் பிடிக்க வருகிறவராக இரு கைகளையும் விரித்தார்.

கயோகோவின் பக்கத்தில், ஆறிப்போன தேநீர்க் கோப்பை மேசைமீது சன்னலை நோக்கி நகரத் தொடங்கியது. பிறகு நாற்காலி.